அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள்

ரொறன்ரோவில் கோடைகாலத்துச் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்காவது ஒரு மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளையின் அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும். ஜூன் மாதம் பிறந்தால் ஒரே நாளுக்கு இரண்டு அழைப்பிதழ் வீட்டுக்கு வரும். எதற்கு நேரே போவது, எதற்கு யாரிடமாவது என்வலப்பைக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் மாமியும் ரெலிபோனில் கதைத்து முடிவெடுப்பார்கள். அந்த அரங்கேற்றங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்: செலவு, ஆடம்பரம், பிரதம விருந்தினர் பேச்சு, மூன்று தரம் மாற்றும் உடுப்பு. எனக்கு அதையெல்லாம்விட அடுத்த நாளைப் பற்றித்தான் யோசனை. அந்தப் பிள்ளை அடுத்த நாள் என்ன செய்கிறது?

நித்திரை கொள்ளும். அது நியாயம்தானே, மூன்று மணித்தியாலம் ஆடியிருக்கிறாள். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வகுப்புக்குப் போகமாட்டாள். அதற்கடுத்த கிழமையும் போகமாட்டாள். செப்ரெம்பரில் யூனிவர்சிற்றி தொடங்கிவிடும். சலங்கை ஒரு சூட்கேசுக்குள் போய்விடும். ஹோலில் பெரிதாக்கி மாட்டிய நடராசர் போஸ் படம் மட்டும் மிஞ்சும். என்னோடு ஒரே நாளில் தட்டடவு தொடங்கியவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் அரங்கேறினோம். இன்றைக்கு ஆடிக்கொண்டிருப்பவள் ஒருத்தி. அது நானில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் ரீச்சருக்கு உதவியாகத் தட்டுக்கழி பிடிப்பதோடு சரி.

பத்து வருஷம் ஒரு பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அது நன்றாக வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டிக் காட்டிய அடுத்த நாள் அந்தப் பிள்ளை அதை விட்டுவிடுகிறது என்றால், சொல்லிக்கொடுக்கிற முறையில் எங்கோ பிழை இருக்கிறது. பியானோ படிக்கிற பிள்ளைகளும் விடுகிறார்கள்தான். ஆனால் அவர்களுக்கு யாரும் கலியாணவீட்டுச் செலவில் விடைகொடுப்பு விழா செய்வதில்லை.

அரங்கேற்றம் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்று, பன்னிரண்டு வயதில் சோழன் முன்னால் ஆடிக் காட்டுகிறாள். ஆடலாசிரியன் எப்படிப்பட்டவனாக இருக்கவேண்டும், பாட்டுக்காரன், மத்தளக்காரன், குழல்காரன், யாழ்காரன் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று இளங்கோ ஒவ்வொருவராகச் சொல்கிறார். மேடைக்கும் அளவு இருக்கிறது, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடி முடிந்ததும் தலைக்கோலிப் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் கிடைக்கின்றன. அதற்குப் பிறகுதான் மாதவி ஆடற்பெண். அவள் தொழில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. எங்கள் காலத்துக்குக் கிட்ட வந்தாலும் இதே கதைதான். பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் ஒரு கோவிலில் அரங்கேறியது 1925இல், ஏழு வயதில். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆடினார். அரங்கேறுவது என்றால் அரங்குக்குள் ஏறுவது. நாங்கள் இங்கே அதை அரங்கிலிருந்து இறங்குகிற நாளாக மாற்றிவிட்டோம்.

ஏன் இப்படி ஆனது? பிள்ளைகள் ஆடுவதற்காக நாங்கள் அவர்களை ஆட்டத்துக்கு அனுப்பவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். நாங்கள் அனுப்புவது வேறு ஒரு பயத்தில்.

1983க்குப் பிறகு வந்த எங்கள் அப்பா அம்மாக்களின் நிலையை நான் குறைத்துக் கதைக்கவில்லை. வீடு போய், ஊர் போய், பாதிச் சொந்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பாசை தெரியாத ஊரில் பனிக்குள் வந்து இறங்கியவர்கள். ஒரு பக்கரியில் இரவு வேலை, ஒரு ரெஸ்ரோறண்டில் பகல் வேலை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய் மூன்றாம் மாதம் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லத் தொடங்குகிறது. அப்போது கையில் அகப்பட்டது எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்? தமிழ் வகுப்பு, சங்கீதம், மிருதங்கம், பரதநாட்டியம். அதிலும் பெண்பிள்ளைக்குப் பரதநாட்டியம், ஆண்பிள்ளைக்கு மிருதங்கம் என்று யாரும் சொல்லாமலே ஒரு பங்கீடு நடந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க வகுப்பில் இருக்கிற பிள்ளை சனிக்கிழமை வேறெங்கும் போகாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. (இதை எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ளமாட்டார். என் அம்மாவும்தான்.)

ஆகவே அந்த வகுப்பில் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான், “இது எங்கட கலாச்சாரம்.” ஏன் அரைமண்டி இருக்கவேண்டும்? ஏன் பாட்டு தெலுங்கில் இருக்கிறது? ஏன் நான் கண்ணனுக்காக அழவேண்டும்? ஏன் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையான என் சிநேகிதி முருகனுக்கு மாலை போடுகிறாள்? எல்லாவற்றுக்கும் அதே பதில். கேள்வி கேட்கிற பிள்ளை கலாச்சாரம் இல்லாத பிள்ளை ஆகிவிடும் என்பதால் கேள்விகள் எட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. கலாச்சாரத்தைக் காட்டுவதற்காக ஆடியவள், காட்டி முடிந்த பிறகு ஏன் ஆடவேண்டும்? பட்டம் எடுத்தவர் பரீட்சையைத் திரும்ப எழுதுவாரா?

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் உண்மையில் பதில் இருக்கிறது, அதுவும் நல்ல பதில். அதுதான் எனக்குக் கவலை.

அரைமண்டியை எடுங்கள். தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்பவேண்டும், முழங்கால் பாதவிரல் போகும் திசையிலேயே போகவேண்டும், முதுகு நேராக நிற்கவேண்டும். முழங்காலை மட்டும் திருகி பாதத்தை விரித்து வைத்தால் பார்ப்பதற்கு அரைமண்டி மாதிரித்தான் இருக்கும். பதினாறு வயதில் முழங்கால் வலி தொடங்கும். இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது உடனே குனிந்து தன் முழங்காலைப் பார்க்கிறது, நான் கண்டிருக்கிறேன். ஆனால் வழக்கமாக நாங்கள் சொல்வது “இன்னும் இரு, இன்னும் இரு” என்பதுதான். இதற்கிடையில் வகுப்பு நடக்கிற இடம் பேஸ்மென்ற். ஊரில் ரீச்சர்மார் சாணி மெழுகின முற்றத்திலும் சீமெந்து நிலத்திலும் பழகியவர்கள், அங்கே சூடு இருந்தது. இங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் பதினைந்து. பிள்ளை பூட்சைக் கழற்றி, குளிர்ந்த காலோடு, கொங்கிறீற்றுக்கு மேலே ஒட்டின மெல்லிய காப்பெற்றில் நேரே தட்டடவு தொடங்குகிறது. உடம்பைச் சூடாக்குகிற பயிற்சி பத்து நிமிஷம் செய்தால் பாட்டுக்கு நேரம் காணாது என்பார்கள். பக்கத்துத் தெருவில் பலே படிக்கிற பிள்ளைக்கு அடியில் வெற்றிடம் விட்டுப் போட்ட மரத்தளம், குதித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பலேயில் குதிக்கிறார்கள் என்றால் நாங்கள் உதைக்கிறோம், ஒரு வகுப்பில் ஆயிரக் கணக்கில். எங்களுக்குத்தான் அந்த நிலம் அவர்களைவிட அதிகம் தேவை.

ரீச்சர்மாரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வருஷக் கணக்காகப் படித்துப் பட்டம் எடுத்தவர் இங்கே கிழமை நாட்களில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். சென்னைக்குப் போய் கலாக்ஷேத்திராவில் படித்தவர் டேகெயரில் பிள்ளை பார்ப்பார். சனி ஞாயிறு தன் வீட்டு நிலக்கீழ் அறையில், ஒரு தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஐந்து வயதிலிருந்து பதினேழு வரைக்கும் எல்லோருக்கும் ஒரே ஆள் சொல்லிக்கொடுக்கவேண்டும். மரத்தளம் போட்ட ஸ்ரூடியோ வாடகைக்கு எடுக்கக் காசு எங்கே? அரங்கேற்றம்தான் அவருடைய வருமானத்தில் பெரிய பங்கு. அரங்கேற்றம் செய்யாத ரீச்சருக்குப் புதுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஒரு அரங்கேற்றத்தில் கொட்டுகிற பத்தாயிரக் கணக்கான டொலரில் பாதியைப் பத்து வருஷ வகுப்புக் கட்டணத்தில் பரவலாகக் கொடுத்திருந்தால் அந்த ரீச்சர் நல்ல நிலம் எடுத்திருப்பார். எங்கள் சனம் மாதக் கட்டணத்தில் ஐந்து டொலர் கூட்டினால் வேறு ரீச்சரிடம் போகும், மண்டபத்துப் பூ அலங்காரத்துக்கு மறுகேள்வி கேட்காது.

அடுத்தது மொழி. இதைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

அபிநயம் என்பது சொல்லைக் காட்டுவது. சொல் தெரியாமல் எதைக் காட்டுவது? எங்கள் வகுப்புகளில் நடக்கிற முறை இது: பாட்டின் முதல் அடிக்கு ரீச்சர் ஒரு வரி ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வார், “அவர் இன்னும் வரவில்லை, அவள் கவலையாக இருக்கிறாள்” என்ற மாதிரி. பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும். பிறகு கை இங்கே, கண் அங்கே, இந்த இடத்தில் சோகம், இந்த இடத்தில் கோபம். எல்லாம் எண்ணிக்கை. ஒரு பாட்டில் ஒரே வரியைப் பாடகர் ஐந்து தரம் பாடுவது ஏன் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது, பாட்டு நீளவேண்டும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தரமும் ஆடுகிறவள் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு பொருள் கண்டுபிடித்துக் காட்டவேண்டும் என்பதற்காகத்தான் அது. சஞ்சாரி என்பது அதுதான். பாலசரஸ்வதி மேடையில் நின்ற இடத்திலேயே அந்த நேரத்துக்குத் தோன்றுவதை ஆடுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாங்களோ ஐந்து தரத்துக்கும் ஐந்து அசைவை மனப்பாடமாகக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கலையில் ஒரு பிள்ளை தானே யோசிக்க விட்டிருந்த ஒரே இடத்தையும் நிரப்பிவிட்டோம்.

தமிழ் வகுப்பில் ஆனா ஆவன்னாவைத் திரும்பத் திரும்ப எழுதிக் களைத்த பிள்ளைக்கு, ஒரு தமிழ்ப் பதத்தின் ஒரு சொல்லைப் பத்து விதமாகக் காட்டிப்பார் என்று கொடுத்தால் அது தமிழ் படிக்கும். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகப் படிக்கும். இது என்னுடைய ஊகம் இல்லை. போன வருஷம் சின்ன வகுப்பில் ‘வா’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தேன். அம்மா கூப்பிடுகிற வா, கோபத்தில் வா, பேருந்து போகப்போகிறது ஓடி வா, வராதே என்று நினைத்துக்கொண்டு சொல்கிற வா. ஒரு ஏழு வயதுக்காரி, ஐபாட்டைக் கீழே வைத்துவிட்டு வா என்று அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரிச் செய்தாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதே பிள்ளை பரீட்சைக்காக 28 ஒற்றைக்கை முத்திரைகளின் சமஸ்கிருதப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும். ஆனால் “எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று கையால் காட்டு” என்றால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த இரண்டில் எது நடனம்?

பரீட்சை முறை பற்றித் தனியாக எழுதலாம். இங்கே சுருக்கமாக: தரம் ஒன்று, தரம் இரண்டு என்று சேட்டிபிக்கேற் கொடுக்கிற முறை ஊரிலிருந்தே வந்தது, பெற்றோருக்குப் பிடித்திருக்கிறது, போகப்போவதில்லை. கேள்வித்தாளையாவது மாற்றலாம்.

வர்ணம் பற்றி ஒரு வார்த்தை. அரங்கேற்றத்தில் அரைமணித்தியாலத்துக்கு மேல் போகிற உருப்படி அது. பெரும்பாலான வர்ணங்களில் நாயகி தலைவனைத் தேடித் தவிக்கிறாள். கடவுள்தான் தலைவன், ஆனால் தவிப்பு முழுக்க உடம்போடு சம்பந்தப்பட்ட தவிப்பு. பதினாலு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்ற சங்கடத்தில் ரீச்சர் “ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுகிறது” என்று முடித்துவிடுவார். பிள்ளைக்கு இரண்டும் விளங்காது. இந்தச் சண்டை எங்களோடு தொடங்கியதல்ல. சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னால் வைக்கவேண்டும் என்றவர் ருக்மிணிதேவி, சிருங்காரம்தான் இந்த ஆட்டத்தின் உச்சம், அதைச் சுத்தப்படுத்த ஒன்றுமில்லை என்றவர் பாலசரஸ்வதி. இரண்டு பெரிய கலைஞர்கள் இப்படி எதிரெதிராக நின்றார்கள் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது ஆர்வமாகக் கேட்கும். அதற்கும் ஒரு கட்சி எடுக்கத் தோன்றும். நாங்கள் சொல்வதோ “இது ஐயாயிரம் வருஷப் பழமையான புனிதக் கலை.” ஐயாயிரம் வருஷம் மாறாமல் இருக்கிற ஒன்றிடம் போய் ஒரு பிள்ளை என்ன கட்சி எடுக்கும்?

உண்மையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று நாங்கள் இன்று ஆடுகிற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் என்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம், தஞ்சாவூர் மராட்டிய அரசவை. அதாவது இருநூறு வருஷக் கதை. அதை அதுவரைக்கும் ஆடி வைத்திருந்தவர்கள் தேவதாசிப் பெண்கள். ஆட்டுவித்தவர்கள் நட்டுவனார்கள். 1935இல் ருக்மிணிதேவி அடையாற்றில் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் அந்தப் பெண்களின் கால் சதங்கை கழற்றப்பட, மறுபக்கம் “நல்ல குடும்பத்து” பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டி அந்த வழக்கத்தை ஒழிக்கப் போராடியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் யாருடைய ஆட்டத்தை நான் ஆடுகிறேன் என்று என் அரங்கேற்ற அழைப்பிதழில் ஒரு வரிகூட இல்லை. என் ரீச்சர் பெயர், அவருடைய ரீச்சர் பெயர், நடராசர் படம். இடையில் இருந்தவர்கள் காணாமற் போய்விட்டார்கள்.

இது தமிழ்நாட்டுக் கதை, எங்களுக்கென்ன என்பவர்கள் தங்கள் வீட்டுப் பழைய ஆட்களிடம் ‘சின்னமேளம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். நாதஸ்வரம் தவில் பெரியமேளம், கோவில் திருவிழாவில் பெண்கள் ஆடுகிற கோஷ்டி சின்னமேளம். நாவலர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியவர்கள் கோவிலில் அது கூடாது என்று எதிர்த்தார்கள். அந்தச் சொல் எங்கள் ஊரில் வசையாகவே மாறிவிட்டது. பெண்பிள்ளை கொஞ்சம் துள்ளி நடந்தால் “சின்னமேளக்காரி மாதிரி” என்று பேச்சு விழும். அப்படிப் பேசிய வீடுகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஸ்காபரோவில் பத்து வருஷம் பரதநாட்டியம் படித்து எங்கள் குடும்பமானத்தைக் காப்பாற்றுகிறோம். சாதியைப் பற்றி வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பார்கள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் பழங்குடிகளிடமிருந்து யார் நிலத்தை யார் எடுத்தது என்று படிக்கிறார்கள், காலையில் அதைப் பற்றி அறிவிப்பே வாசிக்கிறார்கள். ஒரு கலையை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது அவர்களுக்கு விளங்காது என்று நாங்களாக நினைத்துக்கொள்கிறோம்.

சரி, இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அரங்கேற்றத்துக்குப் பிறகும் ஆடுமா? எல்லோரும் ஆடமாட்டார்கள். ஆனால் ஆட நினைக்கிறவளுக்கு ஏன் ஆடுகிறேன் என்று ஒரு காரணம் கையில் இருக்கும். அப்படிக் காரணம் கண்டுபிடித்தவர்கள் எங்களுக்குக் கிட்டவே இருக்கிறார்கள். மிஸ்ஸிசாகாவில் சம்பிரதாயா நடனக்குழுவைத் தொடங்கிய லதா படா, 1985 ஏர் இந்தியா விமானக் குண்டுவெடிப்பில் கணவரையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தவர். அந்த இழப்பையே 2001இல் ஒரு நடனமாக மேடையேற்றினார், பரதநாட்டியத்தை அடிப்படையாக வைத்து. லண்டனில் நினா ராஜராணி ஆண்களுக்குக் கோட்டுச் சூட்டுப் போட்டுவிட்டு அலுவலக ஓட்டத்தைப் பரதநாட்டியத்தில் ஆடவைத்தார், 2006இல் அதற்கு ‘பிளேஸ் பிரைஸ்’ பரிசு கிடைத்தது. இதே ரொறன்ரோவில் ஹரி கிருஷ்ணன் என்ற ஆண், தேவதாசி மரபு ஆட்டத்தை நட்டுவனார் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் கற்று வந்தவர், அதையும் ஆடுகிறார், புதிதாகவும் செய்கிறார், அதைப் பற்றி ஆராய்ச்சியும் எழுதுகிறார். பையன்களுக்கு இது சரிவராது என்கிற மாமாமாருக்கு அவரைக் காட்டலாம். தஞ்சை நால்வர் நாலு பேரும் ஆண்கள் என்பதையும் சொல்லலாம்.

இவர்களைப் போல எல்லோரும் வரவேண்டும் என்பதில்லை. எங்கள் பிள்ளைகளிடம் ஆடுவதற்கு விஷயம் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இரவு வேலைக்குப் போகிற அப்பா, ஊரில் காணாமற் போன மாமா, வட்ஸ்அப்பில் முகம் மட்டும் தெரிகிற அம்மம்மா. ஒரு நாயகி தலைவன் வரவில்லை என்று வாசலைப் பார்த்து நிற்கிற அபிநயத்தை, வராத ஆட்களுக்காக வருஷக் கணக்காகக் காத்திருக்கிற எங்கள் வீடுகளைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடிய வீடு வேறு எங்கே இருக்கிறது? ஆனால் அந்தத் தொடர்பை வகுப்பில் யாரும் போட்டுக் காட்டவில்லை. அம்மம்மாவின் கதை வீட்டில், கண்ணனின் கதை பேஸ்மென்றில்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தங்கைக்கு அரங்கேற்றம் செய்யவேண்டும் என்று வீட்டில் பேச்சு. அவள் நன்றாக ஆடுவாள், என்னைவிட எவ்வளவோ மேல். அவளுக்கு அந்த மூன்று மணித்தியாலம் வேண்டாமாம். ஒரே ஒரு வர்ணம், ஒரு பதம். பதத்தில் சஞ்சாரியைத் தானே செய்வாளாம். நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சமூக நிலைய மண்டபம், நாற்பது கதிரை, பாட்டும் மிருதங்கமும் நட்டுவாங்கமும் நேரடியாக வேண்டும், ஒலிப்பதிவு வேண்டாம். அடுத்த வருஷமும் அதே மாதிரி ஒன்று, வேறு பதத்தோடு. அம்மாவுக்கு இதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. “இவ்வளவு பேருக்கும் என்வலப் குடுத்திருக்கிறம், எங்கட பிள்ளைக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு சனம் என்ன சொல்லும்?” என்றார். ரீச்சருக்கும் முகம் கறுத்துவிட்டது, அவருடைய நிலைமையை மேலே எழுதியிருக்கிறேன், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் அந்த நாற்பது கதிரை மண்டபத்தில் நிலம் மரமா சீமெந்தா என்று கேட்டார்.

மரம்தான். தங்கை போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பெரிய மண்டபத்துக்கு முற்பணம் கட்டப் பெப்ரவரி கடைசிவரைக்கும் தவணை இருக்கிறது, அதுவரைக்கும் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு இதே கதைதான்.